பதினொன்று எட்டா, எட்டு பதினொன்றா?

பூமாலைக்கு வாயில் போட்ட இட்லி உள்ளே இறங்க மறுத்தது.

காலை எட்டு மணி. கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில், வக்கீல் சுப்புராயனின் அலுவலகத்தில், பொட்டலத்தை மேசைமேல் பிரித்து வைத்துக்கொண்டு, அன்றைய வழக்குப் பட்டியலைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாக அதே வக்கீலிடம் குமாஸ்தா. இன்றைக்குத் தங்கள் கட்சிக்காரர்கள் யாருக்கும் வாய்தா இல்லை என்று அவருக்குத் தெரியும். கணினி அப்படித்தான் சொல்லியிருந்தது. ஏதோ பழக்கத்தில் பார்த்தார்.

ஏழாவது வரியில் 'செல்லியம்மாள் எதிர் ஆதிமூலம்' என்று இருந்தது.

"இல்லியே" என்று இட்லியைப் பார்த்துச் சொன்னார் பூமாலை.

கணினியைத் திறந்தார். 'செல்லியம்மாள், நைனார்பாளையம். அடுத்த வாய்தா: நவம்பர் 8' என்றது அது. எழுந்து போய் அலமாரியிலிருந்து கேஸ் கட்டை உருவினார். அட்டைமேல் பென்சிலில், அவருடைய கையெழுத்தில், 11/8 என்று இருந்தது.

இன்றைக்கு ஆகஸ்ட் பதினொன்று.

மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பூமாலையின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பயப்படுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. போன தை மாதம் வரை அந்த அலுவலகத்தின் வாய்தாக்களெல்லாம் ஒரு தடித்த சிவப்பு நோட்டில் இருந்தன. கைப்பேசியில் பாடம் பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்ட பூமாலை, 'வாய்தா மணி' என்று பெயர் வைத்து ஒரு புரோகிராம் செய்தார். தேதியைத் தட்டினால் போதும். கட்சிக்காரருக்கும், நகலாக வக்கீலுக்கும், அதுவே செய்தி அனுப்பிவிடும். நோட்டை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அவர் சொன்ன அன்று சுப்புராயன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்:

"யோவ் பூமாலை, ஒரு வாய்தா தப்பிச்சின்னா, இந்தக் கம்ப்யூட்டரைத் தலையில வச்சிக்கினு உங்க ஊரு எலவனாசூர்கோட்டைக்கு நடந்தே போயிடணும், சொல்லிட்டேன்."

சுப்புராயன் விளையாட்டுக்குப் பேசுகிறவர் அல்ல. கோர்ட்டில் ஒருமுறை அவர் தும்மியதற்கே எதிர்த்தரப்பு சாட்சி உண்மையைச் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

ஐந்தாறு மாதம் 'வாய்தா மணி' ஒழுங்காகத்தான் ஓடியது. போன மாதம் பூமாலைக்கு ஒரு ஆசை வந்தது. வெறும் எண்ணாக அனுப்பாமல், மாதத்தின் பெயரோடு 'நவம்பர் 8' என்று அழகாக அனுப்பினால் என்ன? அதற்காக இணையத்தில் தேடி, யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்திருந்த பத்து வரியை அப்படியே எடுத்து ஒட்டினார். அந்தப் புண்ணியவான் இருந்தது அமெரிக்காவில். அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. பதினொன்று எட்டு என்று கொடுத்தால் பதினோராம் மாதம் எட்டாம் நாள் என்றுதான் அவர்கள் படிப்பார்கள்.

சோதித்துப் பார்க்காமலா விட்டார்? பார்த்தார். 25/8 என்று கொடுத்தார். இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று எந்த நாட்டிலும் இல்லாததால், அந்தப் பத்து வரியும் தானாகவே திருப்பிப் படித்து 'ஆகஸ்ட் 25' என்று சமர்த்தாகச் சொல்லிற்று. பூமாலை மனம் குளிர்ந்து போனார். பதின்மூன்றாம் தேதியிலிருந்து யோக்கியமாகவும், பன்னிரண்டாம் தேதி வரை அயோக்கியமாகவும் நடந்துகொள்கிற ஒன்றை ஒரு தேதி வைத்துச் சோதித்தால் எப்படித் தெரியும்?

கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று வாசலுக்கு வந்தார். எதிர் டீக்கடையில் சின்னக்கண்ணு நின்றிருந்தான். இந்த வழக்கின் எதிராளியான நைனார்பாளையம் பண்ணைக்காரர் ஆதிமூலத்துக்கு ஆஜராகும் வக்கீலின் குமாஸ்தா.

"இன்னா அண்ணா, ஏழாம் நம்பரு நம்மளுதுதான் போல?" என்றான்.

"ஆமா."

"உங்க கட்சி வந்துருச்சா?"

மோப்பம் பிடித்துவிட்டானா?

"வந்துருச்சே! விடியக்காலையிலேயே வந்து உள்ள உக்காந்துகினு இருக்குது."

"ஐயா?"

"ஐயா கேஸ் கட்டைப் படிச்சிக்கினு இருக்காரு. இன்னிக்கி ஒரு கை பாத்துடறதுன்னு இருக்காரு."

சின்னக்கண்ணுவின் கையிலிருந்த டீ தளும்பியது. "அப்ப இன்னிக்கி நடத்திடுவீங்க?"

"நடத்தாம? நீங்க?"

"நாங்களா? எங்க ஐயா ரெடி. ஆதிமூலம் ரெடி. சாட்சிங்க ரெடி. பொக்லைன்கூட ரெடி" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தான்.

பொக்லைன் என்பது வெறும் பேச்சல்ல. செல்லியம்மாள் களை எடுத்தும் நாற்று நட்டும் பிழைக்கிற மனுஷி. அவளுடைய ஒற்றை அறை வீடு நிற்கிற இரண்டரை சென்ட் தன் நிலத்தில் சேர்ந்தது என்று ஆதிமூலம் கிளம்பியிருந்தார். வீட்டை இடிக்கக்கூடாது என்று கோர்ட் தடை போட்டிருந்தது. அந்தத் தடை அடுத்த வாய்தா வரைதான். இன்றைக்கு அவளும் வராமல் வக்கீலும் வராமல் போனால் வழக்கு தள்ளுபடி. நாளைக்குக் காலையில் வாசலில் வீடு இடிக்கிற பொக்லைன்.

உள்ளே ஓடிவந்து செல்லியம்மாளின் எண்ணை அழுத்தினார். எடுத்தது பக்கத்து வீட்டுத் தைலம்மாள்.

"செல்லியா? அது வெள்ளிமலைக்கு மக வூட்டுக்குப் போயி பத்து நாளு ஆவுதே. சாமைக் காட்டுல களை எடுக்க."

"போனு?"

"கோர்ட்டு மெசேஜ் வந்தா நீ படிச்சி சொல்லுன்னு எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்குது. அதுக்குப் படிக்கத் தெரியாதுல்ல? நவம்பர்னு போட்டிருந்திச்சி. நான்தான் படிச்சி சொன்னேன்." தைலம்மாளின் குரலில் பெருமை வழிந்தது.

செல்லியம்மாளின் மருமகன் அம்மாசியின் எண்ணைத் தைலம்மாளிடமே வாங்கினார். மலையில் அம்மாசி ஒரு குறிப்பிட்ட பாறைமேல் ஏறி நின்றால்தான் பேச்சு கேட்கும். ஆறாவது தடவை அவன் பாறைமேல் இருந்தான். அவன் ஓடிப்போய்ச் செல்லியம்மாளைக் காட்டிலிருந்து கூட்டிவந்து பாறைமேல் ஏற்றுவதற்குள் பூமாலை விரல் நகம் மூன்றைக் கடித்துத் துப்பியிருந்தார்.

"யம்மா, வாய்தா இன்னிக்கிம்மா."

"நவம்பர்னு சொன்னீங்களே தம்பி?"

"கம்ப்யூட்டரு தப்பா படிச்சிடுச்சிம்மா."

"ஏன், அதுக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியும்... மாத்திப் படிச்சிடுச்சி."

"எனக்குத்தான் படிப்பு இல்லன்னு தைலம்மாகிட்ட குடுத்துப் படிச்சேன். நீங்களும் யார்கிட்டயாச்சும் குடுத்துப் படிச்சிருக்கலாம்ல?"

பூமாலை நான்காவது நகத்தை வாயில் வைத்தார்.

"தம்பி" என்றாள் செல்லியம்மாள். குரல் இறங்கியிருந்தது. "வூட்டை இடிச்சிடுவாங்களா?"

"இடிக்க வுட மாட்டேம்மா. பத்தரைக்குள்ள நீ வந்துடு. வந்து கூண்டுல நின்னாப் போதும்."

"ஏழு மணி பஸ்ஸு போயிடுச்சி. கிழங்கு லாரி ஒண்ணு கெளம்பி நிக்குது. அதுல ஏறிக்கிறேன்."

லாரி மலை இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, இங்கே வந்துசேர இரண்டு மணி நேரம். பத்து இருபதுக்கு வந்துவிடும். பூமாலை நாற்காலியில் சாய்ந்தார். அரை நிமிடம் நிம்மதியாக இருந்தார்.

அரை நிமிடம் கழித்து அடுத்த பயம் வந்தது. செல்லியம்மாள் ஒருத்தி மட்டுமா? போன மாதத்திலிருந்து இன்னும் எத்தனை பேருக்கு இப்படி அனுப்பியிருக்கிறதோ? ஐயா வருவதற்குள் எல்லாவற்றையும் சரி செய்துவிட வேண்டும். யாருக்கும் தெரியக்கூடாது.

புரோகிராமைத் திறந்தார். ஒரே ஒரு வரி சேர்த்தார்: நாளையும் மாதத்தையும் இடம் மாற்று. பொத்தானை அழுத்தினார். திரையில் செல்லியம்மாளின் பெயருக்கு நேரே 'நவம்பர் 8' மறைந்து 'ஆகஸ்ட் 11' வந்தது. பூமாலைக்குக் கண்ணீரே வந்துவிடும் போலிருந்தது.

கண்ணீருக்கு வேறு காரணம் பின்னால் வந்துகொண்டிருந்தது. போன மாதத்துக்கு முன்பே ஏற்றிய தேதிகளெல்லாம் சரியாகத்தான் இருந்தன. அவையும் இடம் மாறின. அதோடு, எந்தத் தேதி மாறினாலும் உடனடியாகக் கட்சிக்காரருக்குச் செய்தி போய்விட வேண்டும் என்று புரோகிராமுக்குக் கட்டளை போட்டவரும் அவர்தான்.

'38 செய்திகள் அனுப்பப்பட்டன' என்று திரை சந்தோஷமாகச் சொன்னது.

முதல் அழைப்பு ஜெயம்மாளிடமிருந்து. அவளுடைய வாய்தா அக்டோபர் ஐந்து.

"மே பத்துன்னு வந்திருக்குதே தம்பி! மே போயி மூணு மாசம் ஆவுதே! வாரன்ட்டு போட்டுட்டாங்களா?"

"இல்லம்மா, இல்லம்மா. அது தப்பு."

"போலீசு வருமா? நான் வூட்டைப் பூட்டிக்கினு உள்ளயே உக்காந்திருக்கேன். வெளிய எங்க வூட்டுக்காரரு காவலுக்கு நிக்கிறாரு."

"உங்களுது அக்டோபர் அஞ்சுதாம்மா. வெளிய வாங்க."

"மே பத்துன்னு எழுத்துல வந்திருக்குதே. நீங்க வாயால சொல்றதை நம்பி வெளிய வர்றதா?"

அவளை வெளியே வரவைக்க முடியவில்லை. அதற்குள் அடுத்த அழைப்பு. அடுத்தது. மேசைமேல் கைப்பேசி அடித்துக்கொண்டே நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போயிற்று.

ஒன்பதே காலுக்கு வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. தியாகதுருகம் பிச்சைமுத்து இறங்கினார். அவருக்குப் பின்னால் ஏழு பேர் இறங்கினார்கள். பாகப்பிரிவினை வழக்கு; நிஜமான வாய்தா நவம்பர் எட்டு. இடம் மாறியதில் அது இன்றைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

"மெசேஜ் பாத்த ஒடனே கெளம்பிட்டோம்" என்றார் பிச்சைமுத்து மூச்சு வாங்க. "தம்பிக்குத் தெரியல, நான்தான் சொல்லிக் கூட்டியாந்தேன்."

"தம்பின்னா? உங்க எதிர்க்கட்சியா?"

"ஆமா. அவனுக்கு யாரும் மெசேஜ் அனுப்பல. பாவமா இருந்திச்சி."

நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். "ரெண்டு பேருக்கும் இன்னிக்கி வாய்தா இல்லீங்க" என்று சொல்ல வாயெடுத்தார் பூமாலை. அப்போது கைப்பேசியில் 'ஐயா' என்ற பெயர் ஒளிர்ந்தது. நகல் ஐயாவுக்கும் போயிருக்கிறது.

"யோவ் பூமாலை! இன்னாய்யா இது? செல்லியம்மாள் வாய்தா இன்னிக்கின்னு இப்ப வருது? நான் சின்னசேலத்துல கோயில்ல கூழ் ஊத்துற எடத்துல நின்னுக்கினு இருக்கேன்."

பின்னால் ஆடி மாத ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

"ஐயா, அது வந்துங்க ஐயா..."

"எத்தினி மணிக்கு?"

"பத்தரைங்க ஐயா."

"வந்து தொலைக்கிறேன். வந்து பேசிக்கிறேன் உன்னை."

பதினெட்டு வருஷத்தில் 'வந்து பேசிக்கிறேன்' என்று ஐயா இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள்.

இருந்தாலும் ஐயா வருகிறார். செல்லியம்மாள் வருகிறாள். வழக்கு பிழைத்துவிடும். தலை மட்டும்தான் போகும். பூமாலை தலையைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம் என்று முடிவு செய்து, பழைய தேதிகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே திருப்பி வைத்தார். இன்றைய வாய்தா செல்லியம்மாளுடையது மட்டும் என்று ஆனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயந்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. நேரம் சரியாகத் தெரிந்தால்தானே சரியாக வருவார்கள் என்று, இதுவரை பயன்படுத்தியே இராத நேரக் கட்டத்தில் 10.30 என்று தட்டினார். 'தவறாமல் வரவும்' என்று சேர்த்தார். அனுப்பினார்.

அந்தச் செய்தியை அனுப்பிவைக்கிற கணினி எங்கோ கடல் தாண்டி இருந்தது. பத்தரை என்றால் எந்த ஊர்ப் பத்தரை என்று பூமாலை சொல்லவில்லை. அது லண்டன் பக்கத்துக் கிரீன்விச் நேரப் பத்தரை என்று அந்தக் கணினி எடுத்துக்கொண்டது. இந்தியாவில் இருப்பவர்களுக்குப் போகிறதே என்று அக்கறையாக ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியது. 'தங்கள் வாய்தா இன்று மாலை 4.00 மணி. தவறாமல் வரவும்' என்று எழுதி அனுப்பிவிட்டது.

பூமாலைக்கு இது தெரிந்தது ஐயாவின் குரலில்தான்.

"நாலு மணியா? அதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா? பாதி வழியில வண்டியத் திருப்ப வச்சிட்டியே."

"ஐயா, இல்லீங்க ஐயா, பத்..."

"கூழ் குடிச்சிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன். சும்மா சும்மா போன் பண்ணாதே."

பூமாலை திரும்ப அழைத்தார். நீங்கள் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். மறுபடி அழைத்தார். அவள் மரியாதையைக் கைவிடவில்லை.

அடுத்து தைலம்மாள். "மெசேஜைப் படிச்சிட்டேன் தம்பி. ஒடனே அம்மாசிக்குப் போன் போட்டேன், அம்மாசி லாரிக்காரனுக்குப் போட்டான். நாலு மணிக்குத்தானே, இன்னா அவசரம்னு செல்லி கச்சிராயபாளையத்துல எறங்கிக்கிச்சி. அங்க அதுக்குத் தங்கச்சி வூடு இருக்குது. லாரி போயிடுச்சி. எல்லாத்தையும் நானே பாத்துக்கினேன், நீங்க கவலைப்படாதீங்க."

மணி பத்து ஐந்து.

பூமாலை கணினியைப் பார்த்தார். எலவனாசூர்கோட்டை முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். திரையை மட்டும் தலையில் வைத்தால் போதுமா, பெட்டியையும் சேர்த்தா என்று ஐயா சொல்லவில்லை.

கேஸ் கட்டை அள்ளிக்கொண்டு ஓடினார். பிச்சைமுத்துவின் ஆட்கள், தங்கள் வழக்குக்குத்தான் ஓடுகிறார் என்று நினைத்து, ஏழு பேரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

குமாஸ்தா கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. கறுப்புக் கோட்டு வேண்டும். படிக்கட்டில் இளம் வக்கீல் கண்ணகி ஏறிக்கொண்டிருந்தார். பூமாலை கிட்டத்தட்ட அவர் காலில் விழுந்தார்.

"மேடம், ஏழாம் நம்பர்ல ஐயாவுக்காக ஒரு நேரம் கேக்கணும் மேடம்."

"இன்னா காரணம் சொல்றது?"

"கட்சிக்காரம்மா லாரியில வந்துகினு இருந்தாங்க..."

"இப்ப எங்க?"

"கச்சிராயபாளையத்துல எறங்கிட்டாங்க."

"ஏன் எறங்குனாங்க?"

"நாலு மணிக்குத்தான் கோர்ட்டுன்னு நெனச்சிக்கினு."

"யாரு அப்படிச் சொன்னது?"

பூமாலை சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒன்றைப் படித்தார். "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க மேடம்."

"யாருக்கு?"

"எனக்கு."

கண்ணகி அவர் முகத்தைப் பார்த்தார். அது பொய்யாகத் தெரியவில்லை. கட்டை வாங்கிக்கொண்டார்.

பத்தரைக்கு நீதிமன்றம் கூடியது. நாலாம் நம்பர் முடிந்து ஐந்து ஓடிக்கொண்டிருந்தது. பூமாலை பின்சுவரோடு ஒட்டி நின்றார். எதிர்ச்சுவரோரம் சின்னக்கண்ணு, கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலையும் நீதிபதியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியைத் துடைத்தான். பூமாலையைக் கண்டதும் பல்லைக் காட்டினான். பூமாலையும் காட்டினார். உள்ளே உட்கார்ந்திருப்பதாகச் சொன்ன செல்லியம்மாள் எங்கே என்று அவன் தேடுகிறான். இன்னும் இரண்டு நிமிடத்தில் அவனுடைய வக்கீல் அந்த வாசல் வழியாக நுழைந்து, 'கனம் கோர்ட்டார் அவர்களே, வாதி வரவில்லை' என்று சொல்லப் போகிறார். எல்லாம் பூமாலையின் கண்முன்னால் ஓடியது. பொக்லைன் ஓடியது. இரண்டரை சென்டில் ஒற்றை அறை மண்ணாகச் சரிவது தெரிந்தது. பாறைமேல் நின்று "இடிச்சிடுவாங்களா?" என்று கேட்ட குரல் காதிலேயே நின்றது. ஐயாவின் மேல் இருந்த பயம்கூட அந்தக் குரலுக்கு முன்னால் சின்னதாகிவிட்டது.

ஆறு முடிந்தது.

டவாலி அணிந்த சேவகர் வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். "செல்லியம்மாள்! செல்லியம்மாள்! செல்லியம்மாள்!"

நடைபாதையில் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

"ஆதிமூலம்! ஆதிமூலம்! ஆதிமூலம்!"

பூமாலை கண்ணை மூடிக்கொண்டார். கனமான செருப்புச் சத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தார். வாசல் காலியாக இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலின் நாற்காலியும் காலியாக இருந்தது.

நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் இல்லையா? தள்ளுபடி செய்துடலாமா?"

கண்ணகி எழுந்தார். "வாதி மலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள் அம்மா. வழியில் வண்டி கிடைக்கவில்லை. சீனியர் வெளியூரில் இருக்கிறார். ஒரு வாய்ப்பு தர வேண்டுகிறேன்."

"எதிர்த்தரப்பில் ஆட்சேபணை உண்டா?"

ஆட்சேபிக்க ஆள் இல்லை. சின்னக்கண்ணு குமாஸ்தா, அவனாலும் வாய் திறக்க முடியாது. அவன் சுவரோடு சுவராக நின்றான்.

"சரி. தடை உத்தரவு அடுத்த வாய்தா வரை நீட்டிக்கப்படுகிறது. செப்டம்பர் ஒன்பது."

ஒன்பது ஒன்பது! பூமாலைக்கு மேடைமேல் ஏறி அந்த அம்மாவைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. எந்த நாட்டுக்காரன், எந்தப் பக்கமிருந்து, தலைகீழாக நின்று படித்தாலும் அது செப்டம்பர் ஒன்பதுதான்.

வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் வேலையாகத் தைலம்மாளை அழைத்தார்.

"யம்மா, வூடு பத்திரம். யாரும் தொட முடியாது. செல்லியம்மாகிட்ட ஒடனே சொல்லிடுங்க. அடுத்த வாய்தா செப்டம்பர் ஒம்போது."

"அப்படியா! நல்லதாப் போச்சி தம்பி. எதுக்கும் ஒரு மெசேஜ் அனுப்பிடுங்க, நான் படிச்சி..."

"வேணாம்மா! வாயாலயே சொல்லிடுங்க. ஒம்போதாம் மாசம் ஒம்போதாந் தேதி, காலையில பத்தரை. நம்ம ஊரு பத்தரை."

பிச்சைமுத்து வந்து, தங்கள் நம்பரைக் கூப்பிடவே இல்லையே என்று கேட்டார். நவம்பரில் கூப்பிடுவார்கள் என்றார் பூமாலை. பிச்சைமுத்து, வந்தது வந்தோம், எல்லாருமாகச் சாப்பிட்டுப் போகலாம் என்று தம்பியையும் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினார்.

இனி மீதி இருப்பது நாலு மணி. நாலு மணிக்கு ஐயா வருவார். வந்து பேசிக்கொள்வார். உண்மையைச் சொல்லிவிடுவதா, கண்ணகி மேடம் சொன்ன வண்டிக் கதையையே சொல்வதா என்று பூமாலை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, தோளில் ஒரு கை விழுந்தது.

தூக்கிவாரிப் போட்டது. திரும்பினார். சின்னக்கண்ணு.

போச்சு. பொய்யைப் பிடித்துவிட்டான். கட்சி உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்றாயே, எங்கே என்று கேட்கப் போகிறான். ஊர் முழுக்கச் சொல்லப் போகிறான். மறு மனு போடப் போகிறார்கள்.

சின்னக்கண்ணு இரண்டு பக்கமும் பார்த்தான். முகம் வெளிறி, உதடு உலர்ந்து போயிருந்தது. பூமாலையின் காதருகே குனிந்தான்.

"அண்ணா, கோச்சிக்காதீங்க, போன மாசம் பிரிண்ட் எடுக்க வந்தப்ப உங்க வாய்தா மணியை நான் பென் டிரைவுல சுட்டுக்கினு போயிட்டேன், நீங்க அந்தத் தேதியைச் சரி பண்ணிட்டிருந்தா எனக்கும் ஒரு காப்பி குடுங்க, எங்க ஐயா இன்னிக்கி வாய்தா நவம்பர்னு நம்பிக்கினு ஆதிமூலத்தையும் கூட்டிக்கினு குத்தால அருவியில குளிச்சிக்கினு இருக்காரு!"